பக்கவாதத்துக்கு ஏழு மாதத்துக்குப் பிறகு: இனி என்ன வரும், எதற்கு உழைக்கலாம்

கேள்வி, சுருக்கமாக: "அப்பாவுக்கு வயது 54. தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். ஏழு மாதத்துக்கு முன்னால் மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. இப்போது யாராவது பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் நடக்கிறார். தோள் கொஞ்சம் அசைகிறது. விரல்கள் மடங்கியே இருக்கின்றன. 'அதான்', 'இல்ல' தவிர வேறு சொல் வருவதில்லை. ஆறு மாதத்துக்குள் வந்ததுதான், இனிமேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். யார் வீட்டுக்கு வந்தாலும் அழுகிறார். அம்மா சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகிறது. நாங்கள் ஏதாவது செய்யத் தவறிவிட்டோமா? இன்னும் நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறதா?"

இருக்கிறது, தம்பி. பக்கவாதம் வந்தவர்களோடு பல வருடமாக வேலை செய்யும் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் எதன் மேல் நம்பிக்கை வைப்பது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தாக வேண்டும். "பழையபடி ஆகிவிடுவார்" என்பதன் மேல் வைத்தால் அது தினமும் காலையில் உடையும். "பொங்கலுக்குள் யாரும் பிடிக்காமல் பாத்ரூம் போய் வருவார்" என்பதன் மேல் வைத்தால் அதற்காக இன்றைக்கே செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்.

முதலில் அந்த ஆறு மாதக் கணக்கு. அதில் பாதி உண்மை. அடைப்பு வந்ததும் சில செல்கள் செத்துவிடுகின்றன. அவற்றைச் சுற்றி உள்ளவை சாகாமல், வேலை மட்டும் செய்யாமல் கிடக்கின்றன. முதல் சில வாரங்களில் வீக்கம் வடிந்து, அந்தச் செல்கள் மெல்ல விழித்துக்கொள்ளும்போது கை கால் வேகமாகத் திரும்பி வருவது போலத் தெரியும். முதல் மூன்று மாதத்தில் இந்த வேகம் அதிகம், அப்புறம் குறையும். அது வரைக்கும் சொன்னது சரி. அதற்குப் பிறகு வருவது பயிற்சியால் வருவது. மூளை மிச்சமிருக்கும் பாதைகளை வைத்து ஒரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்வதற்குக் கெடு தேதி கிடையாது, ஆனால் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும்.

2011-ல் அமெரிக்காவில் 408 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உடம்பைப் பட்டையில் தொங்கவிட்டு நடைப்பொறியில் (ட்ரெட்மில்) நடக்க வைப்பது ஒரு பக்கம். பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் சாதாரண உடற்பயிற்சி இன்னொரு பக்கம். ஒரு வருட முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மொத்தத்தில் பாதிப் பேருக்கும் கொஞ்சம் மேல் நடையில் ஒரு படி முன்னேறியிருந்தார்கள். அதிலேயே ஒரு பிரிவினருக்கு நடைப்பொறிப் பயிற்சியையே ஆறாவது மாதத்தில்தான் தொடங்கினார்கள். அவர்களும் வருட முடிவில் மற்றவர்கள் அளவுக்கு வந்துவிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயம். ஏழாவது மாதத்தில் தொடங்குவது வீண் இல்லை. நகையை அடகு வைத்து ரோபோ மெஷின் இருக்கும் ஊருக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

"தவறிவிட்டோமா" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களே பயிற்சி செய்துவிடச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. குடும்பத்தாரின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் செய்ய வேண்டிய வேலையைப் பாசத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்றுதான் அர்த்தம். ஆகவே நீங்கள் போதுமான அளவு கையைப் பிடித்துவிடவில்லை என்பதால் அவருடைய விரல் வராமல் போகவில்லை. இந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு இறக்கி வையுங்கள்.

அதற்குப் பதில், வாரத்துக்கு ஒரு முறையாவது இயன்முறை மருத்துவர் ஒருவர் பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். காசு ஒரு தடை என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம்; வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் அடக்கம். வருகிறவரிடம் "இந்த வாரம் எந்த வேலையைப் பழக்க வேண்டும், எத்தனை தடவை" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை தடவை என்பது முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு அமர்வில் கையால் ஒரு வேலையைச் செய்து பழகுவது சராசரியாக 32 முறைதான் நடந்தது. விலங்குகளின் மூளையில் மாற்றம் கண்ட ஆய்வுகளில் அது நூற்றுக்கணக்கில். அரை மணி நேரம் ஒருவர் வந்து கை காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவதோடு ஏன் எதுவும் நகர்வதில்லை என்பது இதிலேயே தெரிகிறது. அவர் படுத்திருக்க, இன்னொருவர் அசைத்துவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும். அது தேவைதான். ஆனால் மூளை கற்றுக்கொள்வது அவரே முயற்சி செய்யும்போதுதான்.

உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. கைப்பிடி உள்ள, ஆடாத, கொஞ்சம் உயரமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனிக்கு நகர்ந்து உட்காரட்டும். இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம்: இடது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வலது காலை முன்னால் நீட்டி வைத்து, முழுக்க இடது காலிலேயே எழுந்துவிடுவார். பார்ப்பதற்கு எழுந்துவிட்டது போல இருக்கும்; வலது கால் எதுவும் கற்றிருக்காது. வலது பாதத்தை இடதைவிட ஒரு விரற்கடை பின்னால் வையுங்கள், அப்போது எடை தானாக அதில் விழும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும் அளவு முன்னால் குனியச் சொல்லுங்கள், அப்புறம் எழட்டும். நீங்கள் வலது பக்கம் நின்று முழங்கால் மடங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். காலை, மதியம், மாலை என்று பிரித்து, ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்காத அளவுக்குச் செய்யட்டும். சுலபமாகிவிட்டால் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள். கழிப்பறை, கட்டில், ஆட்டோ எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வேலை தேவை. அது வந்துவிட்டால் அம்மாவின் முதுகுக்கு விடுதலை.

நடக்கும்போது கைத்தடி இடது கையில். படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். சட்டை போடும்போது வலது கைதான் முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வரட்டும். வழவழப்பான தரையில் சாக்ஸ் மட்டும் போட்டு நடக்க விடாதீர்கள். இரவில் பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

இனி கை. இதில் உண்மையைச் சொல்லாமல் தேற்றினால் பின்னால் உங்களுக்குத்தான் கஷ்டம். நல்ல கையைக் கட்டிப்போட்டு, பாதித்த கையையே வேலை செய்ய வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கியது. பாதித்த கையைப் பயன்படுத்தாமலே பழகிவிடுகிறோம், அந்தப் பழக்கமே கையை இன்னும் முடக்குகிறது என்பது அவருடைய அடிப்படை. 2006-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். அந்தச் சிகிச்சையை இரண்டு வாரம் எடுத்தவர்களின் கை தெளிவாக முன்னேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாக நிமிர்த்த முடிந்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். உங்கள் அப்பாவின் விரல்கள் ஏழு மாதத்தில் துளியும் விரியவில்லை என்றால், அந்தக் கையால் அவர் மறுபடி பேனா பிடித்து எழுதுவார் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதற்காக அந்தக் கையை மடியில் போட்டு மூடிவைக்கவும் கூடாது. அதை உதவிக் கையாக மாற்றலாம். சாப்பிடும்போது வலது முன்கையை மேசை மேல் வைத்துத் தட்டு நகராமல் அணைத்துக்கொள்ளலாம். காகிதத்தின் மேல் அந்தக் கையை வைத்து அழுத்திக்கொண்டு இடது கையால் எழுதலாம். துணிப்பையை முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம். என்னிடம் வந்த ஒரு டீக்கடை மாஸ்டர் பால் பாக்கெட்டை வலது முன்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் மூலையை வெட்டப் பழகினார். முதல் வாரம் தரையெல்லாம் பால். அப்புறம் அவர் மனைவி கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். விரல்கள் அவருக்கு இன்று வரை விரியவில்லை. காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறந்துவிடுகிறார்.

செய்யக் கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலில் கப்பி மாட்டி, கயிற்றை இடது கையால் இழுத்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி நம்மூரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பக்கவாதத் தோளுக்கு அது கெடுதல். தளர்ந்த தோள் மூட்டு நசுங்கி வலி பிடித்துக்கொள்ளும், வலி வந்துவிட்டால் கையைத் தொடவே விடமாட்டார். அதைக் கழற்றிவிடுங்கள். எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஏற்கெனவே மடங்கி இறுகிய விரல்களுக்கு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு மடக்குவது பிரச்சினை இல்லை, விரிப்பதுதான் வரவில்லை. உள்ளங்கையைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, நகத்தை வெட்டிவிடுங்கள். இறுக்கம் மிகவும் அதிகமாக இருந்தால் போட்டாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்த முடியும். நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், பக்கவாதத்துக்கு மருந்து என்று சொல்லப்படும் இந்தப் புறா ரத்தம். உறவினர் யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். அதில் மருந்து எதுவும் இல்லை. ஒரு உயிரும் போய், பயிற்சிக்கான நாளும் போகும்.

பேச்சுக்கு வருவோம். உங்கள் அப்பா இப்போது அனுபவிப்பதில் மிகக் கொடியது இதுதான் என்று நினைக்கிறேன். 1861-ல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அவருக்கு "டான்" என்ற ஒரே ஒலிதான் வரும், ஆனால் மற்றவர்கள் சொல்வது பெரும்பாலும் புரியும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. உங்கள் அப்பாவின் "அதான்" அந்த "டான்" போன்றதுதான். வாய்க்கு வரும் வழி அடைபட்டிருக்கிறது, ஆள் உள்ளே முழுதாக இருக்கிறார். அவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். புரிகிறது என்றால் அவர் முன்னால் அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசுவதை நிறுத்துங்கள். சத்தமாகவும் பேச வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது.

"காபி வேணுமா, டீ வேணுமா, இல்ல வெந்நீரா" என்று கேட்டால் அவர் திணறுவார். "காபி?" என்று டம்ளரைக் காட்டிக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் அவசரப்பட்டு நிரப்பிவிடும் அந்தப் பத்து நொடியில்தான் அவருடைய சொல் வர வேண்டியிருக்கிறது. குடும்பத்தார் படம், மாத்திரை, பாத்ரூம், ஃபேன், டிவி, வலி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டிக் கையருகே வையுங்கள். விருந்தாளிகள் முன்னால் "அம்மான்னு சொல்லுங்க, சொல்லுங்க" என்று சொல்ல வைக்காதீர்கள். தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கிய மனிதர் அவர்.

பாட்டை முயன்று பாருங்கள். பேச்சு வராத பலருக்கும் மனப்பாடமான பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், தினசரி சொன்ன தோத்திரம் இவையெல்லாம் வரும். அவர் இளவயதில் முணுமுணுத்த பாட்டை நீங்கள் தொடங்கி, வரியின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். கெட்ட வார்த்தையும் திடீரென்று தெளிவாக வந்து விழும். வீட்டில் யாரும் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது அவர் நினைத்துச் சொல்வது இல்லை. ஸ்வீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் திரான்ஸ்ட்ரோமருக்கு 1990-ல் இதே போலப் பேச்சும் வலது கையும் போயின. பேச்சு கடைசிவரை சரியாகத் திரும்பவில்லை. இடது கையால் பியானோ வாசித்தார், கவிதைகளை வெளியிட்டார், 2011-ல் நோபல் பரிசு வாங்கினார்.

லூயி பாஸ்டர் கதையும் நம் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. 1868-ல், 45 வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பாதிக்கப்பட்டன. அவை பழையபடி ஆகவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போட வைத்தது 1885-ல், பதினேழு வருடம் கழித்து. சோதனைக் கூடத்தில் தன் கை செய்ய முடியாததை உதவியாளர்களின் கையால் செய்துகொண்டார். எல்லோரும் பாஸ்டர் ஆக முடியாது, சரி. கை திரும்பி வந்த பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று அவர் காத்துக்கொண்டு இருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அழுகை. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூளையில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பாதை பாதிக்கப்பட்டால், சின்னத் தூண்டுதலுக்கும் அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும். ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். யாராவது வந்தாலே அழுகிறார் என்று நீங்கள் எழுதியிருப்பது இதுவாக இருக்கலாம். அப்போது "அழாதீங்க, அழாதீங்க" என்று சுற்றி நின்று தேற்றினால் கூடும். பேச்சை மாற்றுங்கள், ஜன்னல் பக்கம் எதையாவது காட்டுங்கள், நின்றுவிடும். வருகிற உறவினர்களிடமும் வாசலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வருகிறது. சாப்பாட்டைத் தள்ளுவது, விடியற்காலையிலேயே விழித்துக் கிடப்பது, பயிற்சிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது, பிடித்த பேரன் பேத்தி வந்தாலும் பார்க்காமல் இருப்பது என்று அது நாள் முழுக்க, வாரக்கணக்கில் நீடிக்கும். பேச முடியாதவர் சொல்லிக் காட்டவும் முடியாது. நீங்கள்தான் கவனிக்க வேண்டும். இதற்கு மாத்திரை உண்டு, வேலையும் செய்யும். ஆனால் மனச்சோர்வு மாத்திரையைக் கை கால் வருவதற்காக எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் வைத்து பிரிட்டனில் சோதித்து 2018-ல் வெளியிட்டபோது அந்தப் பலன் இல்லை, எலும்பு முறிவுதான் கூடியிருந்தது. ஆகவே மனச்சோர்வு இருந்தால் மட்டும், மருத்துவர் சொன்னால் மட்டும். வாழ்வே வேண்டாம் என்பது போல அவர் நடந்துகொண்டால் காத்திருக்காதீர்கள்; டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

மத்தியானத்தில் சோர்ந்து படுத்துவிடுவதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பு தனி ரகம், தூங்கி எழுந்தாலும் போகாது. கடினமான பயிற்சியைக் காலையில் முடித்துவிடுங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தைவிட, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தால் அவருக்கும் தாங்கும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. வாரத்தில் இரண்டு இரவாவது அப்பா பக்கத்தில் வேறு ஒருவர் படுக்கட்டும். அம்மா வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். அவருடைய ரத்த அழுத்தத்தையும் அப்பாவுடையதோடு சேர்த்துப் பாருங்கள். இந்த வீடு ஒழுங்காக நடப்பது அவர் ஒருவரின் உடம்பை நம்பித்தான் என்ற நிலை ஆபத்தானது.

அப்பாவுக்கு இன்னொரு தடவை வராமல் தடுப்பதுதான் எல்லாப் பயிற்சியையும்விடப் பெரிய வேலை. ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2001-ல் வெளியான 6105 பேர் ஆய்வில், ரத்த அழுத்த மாத்திரையைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு மறுபடி பக்கவாதம் வருவது 28 சதவீதம் குறைந்தது. "பிபி நார்மலா இருக்கு" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. வீட்டிலேயே பிபி மெஷின் வாங்கி, இடது கையில் பார்த்துக் குறித்து வையுங்கள். எவ்வளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்; பெரும்பாலும் 130/80-க்குக் கீழே என்பார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகட்டும், புகையிலை ஆகட்டும், விட்டே ஆக வேண்டும். திடீரென்று முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, இருக்கும் பேச்சும் குழறினாலோ 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம், சீக்கிரம் போகப் போக நல்லது.

கடைசியாக வேலை. ஏழு மாத விடுப்பில் இருக்கும் அரசு ஊழியரிடம் "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று அலுவலகத்தில் யாராவது நல்லெண்ணத்தோடே சொல்லியிருக்கலாம். அவசரப்பட்டு எதிலும் கைரேகை வைக்க விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20 இதைத் தெளிவாகச் சொல்கிறது: பணியில் இருக்கும்போது மாற்றுத்திறன் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான இடம் இல்லை என்றால் கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். அட்டை வந்ததும், விடுப்பு முடிவதற்கு முன்னாலேயே இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

மனுவில் கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும். இன்றிலிருந்தே நான்கு கோடு நோட்டில் இடது கையால் தன் பெயரை எழுதிப் பழகட்டும். கொஞ்சம் நிலைப்பட்டதும் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதிரிக் கையெழுத்தை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். மேலாளர் உங்களிடம் கேட்பார். அப்பாவைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.